திடல் கல்லில் நான் பூசிய தார்

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. நன்னிலத்திலிருந்து சைக்கிளில் அரை மணி நேரத்தில் போய்விடலாம், அப்படி ஒரு ஊர். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் சொல்லப் போவதில்லை. அவர்களில் சிலருடைய பேரப்பிள்ளைகள் இன்றும் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்கிறார்கள், அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு ஆசையில்லை. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தமிழாசிரியர் பயிற்சி முடித்துவிட்டு, வேலை உத்தரவு எப்போது வரும் என்று தினமும் தபால்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெருவுக்குத் திடல் என்று பெயர். சுற்றிலும் வயல், நடுவே கொஞ்சம் மேடான இடம், அதில் இருபத்து நான்கு கூரை வீடுகள். எல்லாக் குடும்பமும் ஒரே பண்ணையில் வேலை செய்தது. தெருவின் கிழக்கு முனையில் வாய்க்கால் மதகு, மதகை ஒட்டி ஒரு புன்னை மரம், மரத்தடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கருங்கல். அதுதான் எங்கள் சாமி. தனியாகப் பெயரெல்லாம் கிடையாது. கல்லுச்சாமி, அவ்வளவுதான்.

அந்தச் சாமிக்கு வருஷத்தில் ஒரே நாள்தான் விசேஷம். மேட்டூரில் திறந்த தண்ணீர் ஆறு ஆறாகப் பிரிந்து, கடைசியில் எங்கள் வாய்க்காலில் நுரையும் சருகுமாக வந்து எட்டிப் பார்க்கும் நாள். பெண்கள் கல்லில் போன வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி எடுப்பார்கள். புதுத்தண்ணீரில் முதல் குடத்தை மொண்டு கல்லின் தலையில் ஊற்றுவார்கள். அதற்குப் பிறகுதான் மதகுப் பலகையைத் தூக்கலாம். கல் நனையாமல் மதகு திறக்கக் கூடாது. பண்ணையிலிருந்து வந்த ஆட்கள்கூட முணுமுணுத்துக்கொண்டே காத்திருப்பார்கள். ஏன் இப்படி என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. வழக்கம் என்பார்கள்.

பிசுக்கைச் சுரண்டும்போது கல்லில் வரி வரியாக எழுத்து தெரியும். தமிழ் இல்லை. எங்கள் தெருவில் தமிழே யாருக்கும் படிக்கத் தெரியாதபோது அது என்னவாக இருந்தால் என்ன? மந்திரம் என்று சொல்லிக் குங்குமம் வைத்துவிடுவார்கள். உயர்நிலைப் பள்ளிக்குப் போன முதல் ஆள் நான். ரயிலடியில் பெயர்ப் பலகையைப் பார்த்தவன். எழுத்துக்கு மேலே ஒரு கோடு இழுத்து, அதில் துணி காயப்போட்ட மாதிரி தொங்கும் எழுத்து. அது இந்தி என்று எனக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறுபத்தைந்தாம் வருஷம் தை மாதம் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வந்தது. நான் அப்போது பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருந்தேன். அந்தப் போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. ஒரு மொழியைக் கொண்டுவந்து தலையில் கட்டினால் தலையை உதறத்தான் செய்வோம். பையன்களோடு ஊர்வலம் போனேன், கோஷம் போட்டேன், ரயிலடிப் பலகையில் தார் பூசினேன். தகர டப்பாவில் கொஞ்சம் தார் மிச்சம் இருந்தது. அதோடு நின்றிருக்கலாம்.

மிச்சத் தாரோடு நடுப்பகலில் திடலுக்கு வந்தேன். சம்பா அறுவடை நேரம். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை, எல்லோரும் வயலில். புன்னை மரத்தடியில் கல்லைப் பார்த்தேன். ஆடியில் தண்ணீர் வந்தபோது பார்த்த எழுத்து ஞாபகத்துக்கு வந்தது. ஊரெல்லாம் இந்தியை விரட்டிவிட்டு வந்தால் நம் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து எண்ணெய் குளித்துக்கொண்டிருக்கிறதே என்று ஒரு ஆத்திரம். போதாததற்கு அப்போது நான் பகுத்தறிவுவாதி. ஒரே கல்லில் இரண்டு பகை. டப்பாவைச் சூடு பண்ணி, தென்னை மட்டையைத் தட்டித் தூரிகை செய்து, கல்லின் தலையிலிருந்து கால்வரை பூசினேன். ஒரு எழுத்து விடாமல் பூசினேன். பரீட்சைகூட அத்தனை கவனமாக எழுதியதில்லை.

சாயங்காலம் தெரு திரும்பி வந்தது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். என் அம்மா கல்லுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். யார் செய்தது என்ற கேள்விக்கு யாரும் அதிக நேரம் யோசிக்கவில்லை. பக்கத்துக் களத்தில் பண்ணைக் காவல்காரர் ஒருவர் இருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களோடு தமிழில் சண்டை போடுகிறவர். முந்தின வாரம்தான் கதிர்க்கட்டு விஷயமாக அவருக்கும் என் அப்பாவுக்கும் வாய்த்தகராறு. அன்று அவர் நெல் குவியலை யாரும் தொடாமலிருக்க அடையாளமாகச் சாணிப்பால் தெளித்துவிட்டு எங்கள் தெரு வழியாகத்தான் போயிருந்தார். அப்பா மண்வெட்டிக் காம்பை எடுத்துக்கொண்டு ஓடினார்.

"நான் இல்லப்பா, சத்தியமா நான் இல்ல" என்று அவர் கத்தியது எனக்குக் கேட்டது. நான் புன்னை மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நகக்கண்ணில் தார் இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

அவருடைய இடது கை முறிந்தது. கட்டுப் போட்டும் நேராகவில்லை, முழங்கைக்குக் கீழே கோணலாகவே நின்றுவிட்டது. அப்பா பதினைந்து நாள் உள்ளே இருந்தார். அதன்பிறகு பண்ணைக்கும் தெருவுக்கும் நடுவில் ஒன்றும் சரியாக இல்லை. கூலிச் சண்டை, வரப்பில் நடக்கத் தடை, வெளியூர் ஆட்களை வைத்து நடவு. டெல்டா முழுக்கப் புகைந்துகொண்டிருந்த நெருப்புதான், எங்கள் ஊரில் அது என் டப்பாத் தாரில் பற்றிக்கொண்டது. நான் பயிற்சிப் பள்ளிக்குப் போய்விட்டேன். லீவில் வரும்போது கல் கறுப்பாக நிற்கும். வழக்கத்தை விடாமல் அந்தக் கறுப்பின் மேலேயே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் பார்க்காதது மாதிரி போய்விடுவேன்.

அப்புறம்தான் சட்டம் வந்தது. விவசாயத் தொழிலாளி ஒரு குறிப்பிட்ட நாளில் எந்த இடத்தில் குடியிருந்தானோ அந்த மனை அவனுக்கே சொந்தம். அதுவரை பண்ணையில் ஒரு முறைப்பு முறைத்தால் கூரையைப் பிரித்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான், கேட்க நாதி கிடையாது. என் அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாசலில் ஒரு முருங்கைகூட நடவில்லை. நமது என்று சொல்ல முடியாத மண்ணில் எதற்கு என்பார். சட்டம் வந்த செய்தி கேட்டதும் எங்கிருந்தோ ஒரு போத்து ஒடித்து வந்து நட்டுவிட்டார்.

அவசரப்பட்டுவிட்டார் என்றுதான் தோன்றியது. பண்ணைக் காரியக்காரர் ஒரு மனு போட்டார். நிலத்தின் கணக்கு வழக்கு, ஆள் அம்பு எல்லாம் பார்ப்பவர் அவர்தான். திடல் என்பது பண்ணையின் களம், இந்த ஜனங்கள் வாய்க்கால் படுகையில் இருந்தவர்கள், போன மழையில் படுகை முழுகியபோது பாவம் என்று மேட்டில் ஏறவிட்டோம், சட்டம் சொல்லும் நாளில் இவர்கள் இங்கே இல்லை. இதுதான் மனு. ஓட்டர் லிஸ்டில் திடல் என்று இருக்கிறதே என்றோம். படுகைக்கும் அதே பெயர்தான் என்றார். மேலத்தெருவில் யாரும் எங்களுக்குச் சாட்சி சொல்ல வரமாட்டார்கள். பண்ணையைப் பகைத்துக்கொண்டு யார் வருவார்?

தாசில்தார் விசாரணைக்கு வந்தார். வெளியூர்க்காரர், நிதானமான மனிதர். இருபக்கமும் கேட்டுக்கொண்டே தெருவை நடந்து பார்த்தார். புன்னை மரத்தடியில் நின்றார்.

"இது என்ன?"

"எங்க சாமிங்க" என்றார் அப்பா.

"சாமிக்கு ஏன் தார்?"

அப்பா காரியக்காரருக்குப் பின்னால் நின்ற காவல்காரரைப் பார்த்தார். காவல்காரர் தரையைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். தாசில்தார் ஜீப் சாவியால் ஒரு மூலையைச் சுரண்டினார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இந்தி எழுத்து மாதிரி இருக்கு. ஆனா இவ்வளவு பழைய கல்லுல, இந்த ஊர்ல, இந்தி எதுக்கு வருது? மராத்தியா இருக்கும். அரண்மனைக்காரங்க காலத்துல சத்திரத்து நிலத்துல இந்த மாதிரி கல்லு வச்சிருக்காங்க, நான் பார்த்திருக்கேன். பத்து நாள் டயம் தரேன். யாரையாவது வச்சுப் படிக்க வைங்க."

தஞ்சாவூரை நாயக்கர்கள் ஆண்டார்கள், அப்புறம் மராட்டியர்கள் ஆண்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்து, எழுதி, மார்க்கும் வாங்கியவன் நான். ஆண்டவர்கள் ஒரு மொழியில் பேசியிருப்பார்கள், அதை எழுதியிருப்பார்கள், அந்த எழுத்து எங்கேயாவது நிற்கும் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான்தான் என்பதால் என்னையே தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். மேல வீதிப் பக்கம் விசாரித்துக்கொண்டே போனேன். ஒரு சந்தில் தட்டச்சுப் பயிற்சிக் கூடம் நடத்தும் அம்மா ஒருவரைக் காட்டினார்கள். மராத்திக் குடும்பம். நாற்பது வயது இருக்கும். வாசல் வரைக்கும் டைப்ரைட்டர்கள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. உள்ளே நுழையப் போனவன் நிலைப்படிக்கு மேலே பார்த்தேன். சுவரில் ஒரு கல் பதித்திருந்தது. அதே எழுத்து. எழுத்தின் இடுக்குகளில் மை விட்ட மாதிரி கறுப்பு. எனக்கு அது மை இல்லை என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

அவர் என்னை உட்காரச் சொன்னார். நான் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யாரு தம்பி தார் பூசினது?" என்றார்.

"யாரோ பசங்கம்மா" என்றேன்.

"பசங்க" என்று அவரும் ஒருமுறை சொன்னார். "எங்க வீட்டுக்கும் வந்தாங்க. வாசல்ல அந்தக் கல்லுல இருக்கறது எங்க தாத்தா பேரு. அப்பா உடம்பு முடியாம உள்ள படுத்திருந்தார். இது இந்தி இல்லப்பா, இது எங்க பாஷைன்னு கத்தினார். அந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? நாங்க தஞ்சாவூருக்கு வந்து முந்நூறு வருஷம் ஆகப்போகுது தம்பி. பூனாவுக்குப் போனா எங்க மராத்தியக் கேட்டுச் சிரிக்கிறாங்க. இங்க தார் பூசறாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. மாவு புளிக்கவில்லை என்று சொல்கிற குரலில் சொன்னார். பிறகு, "தாரை எடுக்க எனக்குத் தெரியும். பழக்கமாயிடுச்சு. நீங்களா இரும்பு கிரும்பு போட்டுச் சுரண்டி வைக்காதீங்க, எழுத்து போயிடும். விசாரணை அன்னிக்குக் காலைல முதல் பஸ்ஸுக்கு வரேன். மண்ணெண்ணெயும் தவிடும் வாங்கி வைங்க" என்றார்.

அவருக்கு எங்களிடம் ஆக வேண்டியது எதுவும் இல்லை. பஸ் காசு கொடுத்தபோது வாங்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம், அந்தப் படபட சத்தம் என் காதிலேயே இருந்தது.

சொன்னபடி வந்தார். பஸ் நிற்கும் இடத்திலிருந்து வரப்பில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். தெருவே கூடி நின்றது. எங்கள் தெருவில் வெளியார் தண்ணீர் குடிக்கமாட்டார்கள் என்று என் அம்மா கலர் சோடா வாங்கி வரச் சொன்னார். "சோடா எதுக்குங்க, தண்ணி குடுங்க போதும்" என்றார் வந்தவர். அம்மா கையிலிருந்து சொம்பை வாங்கியபோது ஒரு கணம் தயங்கினார். அப்புறம் குடித்தார். தயங்கியதையும் பார்த்தேன், குடித்ததையும் பார்த்தேன். இரண்டையும் சொல்வதுதான் நியாயம்.

தவிட்டை மண்ணெண்ணெயில் குழைத்து, கல்லின் மேல் அடை மாதிரி அப்பச் சொன்னார். அரை மணி நேரம் ஊறவிட்டு, மூங்கில் சிம்பால் மெதுவாக எடுக்க வேண்டும், பிறகு பழைய துணியால் துடைக்க வேண்டும். மறுபடி அப்ப வேண்டும். நானும் அவரும் கல்லின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து எடுத்துக்கொண்டிருந்தோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக மர நிழலுக்கு ஒதுங்கியது. ஏழு வருஷமாக அடைத்துக்கொண்டிருந்தது அந்த மண்ணெண்ணெய் நெடியில் கரைந்ததோ என்னவோ, திடீரென்று சொல்லிவிட்டேன்.

"அம்மா, இதைப் பூசினது நான்தாங்க."

அவர் துணியை நிறுத்தினார்.

"உங்க வீட்டுக்கு வந்தது நான் இல்லீங்க. ஆனா எங்க ஊரு தஞ்சாவூரா இருந்திருந்தா வந்திருப்பேன்."

என்னையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போயிருந்தால் நான் குறை சொல்லியிருக்க முடியாது.

"அப்ப அந்தக் கையாலயே நல்லா தேயுங்க" என்றார். பிறகு தவிட்டுச் சட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டார்.

மூன்று மணிக்குத் தாசில்தாரின் ஜீப் வந்தது. காரியக்காரரும் வந்தார், பின்னால் காவல்காரர். கல் அதற்குள் வெளுத்து, எழுத்தெல்லாம் சுத்தமாகத் தெரிந்தது. அந்த அம்மா முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, விரலை வைத்து வரி வரியாக மராத்தியில் படித்தார், ஒவ்வொரு வரிக்கும் தமிழ் சொன்னார்.

"சத்திரத்துக்கு நெல் விளையற இந்த வாய்க்காலை வெட்டி, தூர் எடுத்துக் காப்பாத்தற ஜனங்க குடியிருக்கறதுக்கு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். சிரித்தார். "இந்த வார்த்தை மராத்தி இல்லைங்க. தமிழ். அப்படியே எங்க எழுத்துல எழுதியிருக்காங்க. திடல்னு இருக்கு."

அவர் விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது.

"இந்தக் கல்லுலேருந்து மேற்கே வாய்க்கால் திரும்பற வரைக்கும் திடல் இவங்களுக்கு விட்டது. வருஷா வருஷம் புதுத்தண்ணி வந்ததும் இவங்க கல்லுக்குத் தண்ணி விட்ட பிறகுதான் மதகு திறக்கணும். மதகுன்னும் தமிழ்லயே இருக்கு. இவங்களை இங்கேருந்து எழுப்பறவன் கங்கைக் கரையில பசுவைக் கொன்ன பாவத்துல போவான்."

முதலில் அழுதது என் அம்மாதான். அவர் அந்த வருஷமும் குடம் ஊற்றியவர். ஏன் ஊற்றுகிறோம் என்று தெரியாமலே எத்தனையோ தலைமுறையாகப் பெண்கள் ஊற்றி, அந்த உரிமையைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். படித்தவன் நான் வந்து அதன் மேல் தார் பூசினேன். எங்கள் தெருவின் தமிழ்ப் பெயர் மேலேயே பூசியிருக்கிறேன்!

காரியக்காரர் லேசுப்பட்டவர் இல்லை. "கல்லு சத்திரத்துக் கல்லாவே இருக்கட்டுங்க. இங்கயே இருந்த கல்லுன்னு யாரு சொன்னா? எங்கேருந்தோ பேத்துக்கிட்டு வந்து போன வருஷம் நட்டிருக்காங்க. பழசு மாதிரி தெரியணும்னு தாரையும் பூசிட்டாங்க. தண்ணி ஊத்தற கதையெல்லாம் அப்புறம் கட்டினது" என்றார்.

தாசில்தார் எங்களைப் பார்த்தார். "இந்தக் கல்லும் வீடுகளும் முன்னேயே இங்க இருந்ததுக்கு உங்க தெரு ஆளைத் தவிர வேற சாட்சி உண்டா?"

அம்மாவின் முருங்கைப் போத்து எங்கள் வாசலில் இரண்டு துளிர் விட்டிருந்தது எனக்குத் தெரிந்தது. இருபத்து நான்கு வீடு. நான் சொன்னால் அதற்கு எவ்வளவு மதிப்பு இருக்கும் என்று தெரியவில்லை. ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"தார் போன வருஷத்துத் தார் இல்லீங்க" என்றேன். "அறுபத்தஞ்சுல, போராட்டத்தப்ப, நான் பூசினது. இந்தின்னு நினைச்சுப் பூசிட்டேன். அப்பவும் கல்லு இங்கதான் இருந்துச்சு. வேர்ல பாருங்க."

கல்லின் அடியில் வழிந்த தார் புன்னை வேரில் அன்றே சொட்டியிருந்தது. ஏழு வருஷத்தில் வேர் பருத்து அந்தச் சொட்டைப் பாதி விழுங்கியிருந்தது. தாசில்தார் குனிந்து பார்த்தார். நான் நிமிர்ந்தபோது அப்பாவின் முகம்தான் கண்ணில் பட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. காவல்காரரின் கோணல் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காவல்காரர் காரியக்காரரைத் தாண்டி முன்னால் வந்தார். தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் பண்ணை ஆளுங்க. இந்தத் தெரு ஆளு இல்ல. நான் சொல்லலாமுங்களா?" என்றார். தாசில்தார் சொல்லுங்கள் என்றார். "கல்லு இங்கதாங்க இருந்துச்சு. வீடுங்களும் இங்கதான் இருந்துச்சு. அதோ, அவங்க வீட்டு வாசல் அடுப்புக்கிட்ட இழுத்துட்டு வந்துதான் என்னை அடிச்சாங்க. அந்தத் தாருக்குத்தாங்க என் கை போச்சு." கையைத் தூக்கிக் காட்டினார். முழுதாகத் தூக்க முடியவில்லை.

காரியக்காரர் அவரை முறைத்தார். அவர் பொருட்படுத்தவே இல்லை. தாசில்தார் எழுதிக்கொண்டார், அவரிடம் கைநாட்டு வாங்கினார், போய்விட்டார். கூட்டம் கலைவதற்குள் அப்பா காவல்காரரிடம் போனார். அந்தக் கோணல் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். என் அப்பா எந்த அதிகாரி முன்னாலும் அழுது நான் பார்த்ததில்லை. அன்று தெரு நடுவில் நின்று அழுதார். காவல்காரர் மற்றக் கையால் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அப்பா என்னிடம் அடுத்த பொங்கல் வரைக்கும் பேசவில்லை. சோறு போடும்போது அம்மா நடுவில் தூது போவார். அது எனக்கு வேண்டியதுதான்.

இருபத்து நான்கு வீட்டுக்கும் பட்டா வந்தது. காவல்காரருக்கு வேலை போனது. சாட்சி சொன்ன மறுநாளே வேறு ஆள் களத்தில் உட்கார்ந்துவிட்டான். அவர் மகளைக் கொடுத்திருந்த பட்டுக்கோட்டைப் பக்கம் போய், ஒரு தென்னந்தோப்பில் காவலுக்குச் சேர்ந்தார். எனக்கு வேலை கிடைத்ததும் முதல் சம்பளத்தில் வேட்டி துண்டு வாங்கிக்கொண்டு அவரைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்க வார்த்தைகளையெல்லாம் பஸ்ஸிலேயே கோத்து வைத்திருந்தேன். அவரைப் பார்த்ததும் ஒன்றுகூட வரவில்லை. இளநீர் வெட்டிக் கொடுத்தார், நல்ல கையில் அரிவாள், கோணல் கையில் காய்.

"ஏங்க எங்களுக்காக வந்து சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"உங்களுக்காகன்னு யாரு சொன்னா?" என்றார். "நான் இல்ல, நான் இல்லன்னு அன்னிக்குத் தொண்டை கிழியக் கத்துனேன். ஒருத்தனும் நம்பல. என் பொண்டாட்டியே சந்தேகப்பட்டா தம்பி. ஏழு வருஷம் கழிச்சு நீ வந்து அத்தனை பேரு முன்னால பூசினது நீதான்னு சொன்ன. நீ நெசத்தச் சொல்லிட்ட, நான் மட்டும் பொய்யாளா நிக்கறதா?"

தஞ்சாவூர் அம்மாவின் வீட்டுக்கும் தை மாதம் புது அரிசியோடு போனேன். அரிசியை வாங்கிக்கொண்டு ஒரு டப்பாவைக் கையில் கொடுத்தார். தாரோ என்று நினைத்தேன். திறந்து பார்த்தால் வெள்ளைப் பெயின்ட். "தமிழ் வாத்தியார்தானே, எங்க தாத்தா பேரை அந்தக் கல்லுக்குக் கீழ தமிழ்லயும் எழுதிக் குடுங்க, வர்ற பசங்களுக்குப் புரியட்டும்" என்றார். ஸ்டூல் போட்டு ஏறி எழுதினேன். தட்டச்சு படிக்க வந்த பெண்கள் வாசலில் கூடி நின்று வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள். அந்த அம்மா இருந்தவரை ஒவ்வொரு தையிலும் போனேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பழைய கதையை எடுக்காமலே காபி கொடுத்தார்.

நான் முப்பத்தைந்து வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றுவிட்டேன். தமிழ் மேல் இருக்கும் வெறி இன்னும் இறங்கவில்லை, இறங்கவும் வேண்டாம். திடலில் இப்போது எல்லாம் மாடி வீடு. அம்மாவின் முருங்கை பலமுறை முறிந்து பலமுறை துளிர்த்துவிட்டது. தண்ணீர் வரும் நாளில் இன்றும் கல்லுக்குத்தான் முதல் குடம். பிசுக்கைச் சுரண்டும் வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அன்று எவ்வளவு தேய்த்தும் ஒரு எழுத்தின் குழியில் மட்டும் தார் போகவில்லை. இதற்கு மேல் தேய்த்தால் எழுத்து போய்விடும், விட்டுவிடுங்கள் என்று அந்த அம்மா தடுத்துவிட்டார். திடல் என்ற சொல்லில்தான் அந்த எழுத்து இருக்கிறது. என் பெயரில் ஒரு மனை இருப்பதற்கு, நான் படிக்காமலே வெறுத்த ஓர் எழுத்துக்கும் என்னால் கோணிப்போன ஒரு கைக்கும் நான் கடன்பட்டவன் என்பதை, ஒவ்வொரு வருஷமும் விரலில் தட்டுப்படும் அந்தக் கறுப்புதான் எனக்கு மறக்காமல் வைத்திருக்கிறது.